மாப்பிள்ளை வாங்கும் சம்பளம்

பிப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா என்று கேட்டால், 'இல்லைன்னா வந்து பாத்துக்கப் போறியா?' என்று எதிர்க்கேள்வி போடுவாய். அதனால் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிடைத்துவிட்டது! பயிற்சியாளர் வேலை எனக்குத்தான். இனிமேல் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று கிரீஸ் பூசிக்கொள்ளும் வேலை இல்லை. யாரோ எந்த மாடியிலோ மாட்டிக்கொண்டார்கள் என்று ராத்திரியில் போன் வந்தால் செருப்பைத் தேடும் வேலையும் இல்லை. காலையில் கசங்காத சட்டையோடு போக வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எந்தக் கம்பியைத் தொடலாம், எதைத் தொட்டால் ஆள் காலி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லப்போகிறேன், உன் கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டு.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். சம்பளத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசினால் மெமோ என்று கம்பெனியில் சட்டம் இருக்கிறது. என் வீட்டிலோ போன் அடித்தால் உன் தங்கை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து நலம் விசாரிப்பார்கள். அதனால்தான் வாராவாரம் இங்கிருந்து உன் கிளைக்கு வரும் சாமான் வண்டியில் கடிதத்தைப் போட்டு அனுப்புகிறேன். டிரைவர் நல்ல மனுஷர். கவரைப் பிரித்துப் பார்க்கமாட்டார்.

சம்பளம் பேச வந்தது யார் தெரியுமா? நாம் 'செருமல்' என்று பெயர் வைத்தோமே, அதே பெரிய மேனேஜர்தான். 'இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமும் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

"எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" என்றார்.

நான் கால்மேல் கால் போடவில்லை, ஆனால் போட்ட மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். "இப்ப வாங்கறதுக்கு மேல கால் பங்கு கூடக் குடுத்தாத்தான் சார் கட்டுப்படியாகும்" என்றேன்.

செருமினார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை செருமினார். நான் ஜன்னலை வேடிக்கை பார்த்தேன். அடுத்த தடவை வாயைத் திறந்தபோது செருமல் வரவில்லை மச்சான், "சரி" என்ற வார்த்தைதான் வந்தது!

உன் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. இந்நேரம் உனக்குப் போன் போட்டுத் தொகையைச் சொல்லியிருப்பாள். உன் கிளையிலும் அடுத்த மாதம் இதே வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்களாம். முட்டி எப்படி இருக்கிறது? வேலைக்கு மனுப் போடு. கூச்சப்படாமல் கேள்.

உன் மாப்பிள்ளை

பிப்ரவரி 10

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கதவு சென்சர் வந்த பெட்டிக்குள் கிடந்தது. நல்லவேளையாக நான்தான் பெட்டியைப் பிரித்தேன். அடுத்த தடவை டிரைவர் கையில் கொடு.

சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். தங்கை போன் செய்து, "அண்ணா, அவரு கேட்டே வாங்கிட்டாருண்ணா" என்றாள். தொகையை அதற்கப்புறம்தான் சொன்னாள். அவள் குரலில் அப்படி ஒரு மிதப்பை நான் கேட்டதே இல்லை. உன் அக்கா இதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே என்ற பார்வை.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். டீக்கடையில் மீதிச் சில்லறையைக் கேட்கக் கூச்சப்பட்டு, அதற்கும் இன்னொரு டீ குடித்துவிட்டு வரும் ஆள் நீ. என் தங்கையைக் கட்டிக்கொள்ள ஆசை என்று என்னிடம் சொல்லவே உனக்கு வாய் வரவில்லை. நானே பொறுக்கமாட்டாமல் "என்னடா, பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவர்கள், வேலை மட்டும் எனக்கு முன்னாலேயே தெரியும். உன் வாய் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த வாயா செருமலைச் செரும விட்டு வேடிக்கை பார்த்தது?

முட்டியைக் கேட்டாய். இடது முட்டி என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கூண்டுமேல் உட்கார்ந்தால் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் இனிமேல் ஏறவே கூடாது என்கிறார். ஏற முடியாத மெக்கானிக்கை நம் கம்பெனி என்ன செய்யும் என்று உனக்கே தெரியும். ஸ்டோரில் உட்கார வைத்து நட்டு போல்ட் எண்ணச் சொல்வார்கள், சம்பளத்தைப் பாதியாக வெட்டுவார்கள். அதனால் முட்டி இரும்பு மாதிரி இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வேலையும் போகாமல் காலும் போகாமல் இருக்க எனக்கு இந்தப் பயிற்சியாளர் வேலை ஒன்றுதான் வழி.

அதனால் இரண்டு கேள்வி. ராத்திரி போய் லிஃப்டைச் சரிசெய்கிறவனுக்குத்தானே இரவுப்படி? உட்கார்ந்து பாடம் நடத்துகிறவனுக்கு அது கிடையாது. நீ சொன்ன கால் பங்கு, படியைக் கழித்த பிறகா, கழிப்பதற்கு முன்னாலா? இன்னொன்று, நீ எழுதியது அத்தனையும் நீ எழுதிய மாதிரியே நடந்ததா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. எனக்கு உண்மை வேண்டும். உன்னைப் பார்த்துத்தான் நானும் போய்க் கேட்கப்போகிறேன்.

மச்சான்

பிப்ரவரி 17

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாரம் முழுக்க அலைந்தேன். வகுப்பில் சுண்ணக்கட்டி எடுக்கப் பையில் கையை விட்டால் அதுதான் கையில் வருகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். இரவுப்படி விஷயத்தில் நீ முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லு. அதை விட்டுவிட்டுப் பேசினால் கையில் வருவது குறைந்துவிடும். இது ரொம்ப முக்கியம். இதை மட்டும் மறக்காதே.

கால் பங்கு என்பது இங்கே தலைமை ஒர்க்‌ஷாப்பின் கணக்கு. உன் கிளை சின்னது. அங்கே அதே தொகையைத்தான் கேட்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கொஞ்சம் குறைத்துக் கேட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. முதலில் வேலை கையில் வரட்டும், கூடுதலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உன் அனுபவத்தைச் சொல்லிக் கேள். நீ பழக்கிவிட்ட ஆட்களைக் கணக்குச் சொல்லு. என் பெயரை மட்டும் தயவுசெய்து இழுக்காதே. சட்டம் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்காகச் சொல்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

அப்படியே நடந்ததா என்று கேட்டாய். ஏறக்குறைய அப்படித்தான். எழுதும்போது கொஞ்சம் நீட்டி முழக்கிவிடுவேன், நீ அறியாததா? எத்தனை தடவை செருமினார் என்பதையெல்லாம் நான் குறித்தா வைத்திருக்கிறேன்?

மச்சான், உன்னிடம் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டிய விஷயம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், வண்டி கிளம்பிவிடும். அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை சம்பளப் பேச்சை ஆரம்பிக்காமல் இரு, முடிந்தால்.

உன் மாப்பிள்ளை

மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அடுத்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். போன வார வண்டியில் சாமான் மட்டும்தான் வந்தது. பெரிய மேனேஜர் எனக்காகக் காத்திருக்கவில்லை, நேற்றே வந்துவிட்டார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். கால் பங்கு கேட்டேன். செருமினார். நான் பேசாமல் இருந்தேன். மறுபடியும் செருமினார். ஜன்னலைப் பார்க்கலாம் என்றால் அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

"எந்தக் கணக்குல கேக்கறீங்க?" என்றார்.

அனுபவத்தைச் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். அந்த இடத்தில் என் அனுபவம் எனக்கே பெரிதாகத் தெரியவில்லை. "எங்க மாப்பிள்ளை அங்க இதே வேலைக்கு அவ்வளவுதான் சார் வாங்கறாரு" என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை இழுத்ததற்கு மன்னிக்கவும்.

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்தார். உங்கள் சம்பளம் அதில் இருந்தது. பழைய சம்பளம். நானும் நீங்களும் வாங்கிக்கொண்டிருந்த அதே சம்பளம். இரவுப்படி என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன பேசினோம் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். வேலை எனக்கு இல்லை. எங்கள் கிளையில் போன வருஷம் சேர்ந்தவருக்குப் போய்விட்டது. தலைமை ஒர்க்‌ஷாப்பில் என்ன கொடுக்கிறார்களோ அதே போதும் என்றாராம். அதாவது உங்கள் சம்பளம். நீங்கள் இறக்கிவைத்த இடம்தான் இனி இந்த வேலைக்கு விலை.

நான் உண்மை வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் எழுதியிருந்தேன்.

தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவளாவது சந்தோஷமாக இருக்கட்டும். பதில் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் மனைவியின் அண்ணன்

மார்ச் 10

மச்சான்,

பதில் தேவையில்லை என்று எழுதினாய். நீ ஆள் வைத்து அடித்தாலும் நான் எழுதாமல் இருக்கப்போவதில்லை. 'நீங்கள்' என்று எழுதியதற்குப் பதிலாக உனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையையும் எழுதி அனுப்பியிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன்.

நடந்ததை இப்போது எழுதுகிறேன். இப்போது எழுதி உனக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கும் தெரியவில்லை.

"எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" என்று செருமல் கேட்டது உண்மை. கால் பங்கு என்று கேட்க நினைத்ததும் உண்மை. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அங்கே உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேலை கொடுப்பதே பெரிய விஷயம், இதில் காசு வேறு கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றிவிட்டது. "நீங்க பாத்துப் போட்டுக் குடுங்க சார்" என்றேன்.

அவர் செருமவே இல்லை மச்சான். செருமுவதற்கு நான் இடமே கொடுக்கவில்லையே. ரொம்பச் சந்தோஷமாகச் சிரித்தார், "உங்களை மாதிரி ஆளுங்கதான் கம்பெனிக்கு வேணும்" என்று கைகொடுத்தார், பழைய சம்பளத்தையே போட்டார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போதுதான் இரவுப்படி போய்விட்டதே என்று உறைத்தது. பதவி உயர்ந்தது, கையில் வருவது குறைந்துபோனது. இந்தக் கூத்து வேறு எவன் வீட்டிலாவது நடக்குமா?

வீட்டு வாசலில் உன் தங்கை நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. "கேட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் நான் எங்கேயும் எதையும் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். "கேட்டேன்" என்றேன். கேட்டேன் என்று சொன்ன பிறகு கிடைத்தது இவ்வளவு என்று ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? கண்ணாடி முன்னால் சொல்லிப்பார்த்த தொகை வாயில் தயாராக இருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவள் உனக்குப் போன் செய்யப்போனாள். அவளுக்கு முந்திக்கொண்டு உனக்கும் அதையே எழுதினேன். எழுத எழுத ஆசையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் நான் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி ஒருவனை எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

அவளிடம் சொன்ன தொகையை மாதம் பிறந்தால் கையில் கொடுக்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டு ஒரு பம்பு மோட்டார் கடையில் சுருள் கட்டப் போகிறேன். கைவிரல் எல்லாம் செம்புக் கம்பி கிழித்த கோடு. வகுப்பில் பாடம் நடத்துகிறவர் கையில் என்ன இவ்வளவு கீறல் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்பதற்கும் ஒரு பொய் தயாராக இருக்கிறது.

நீ உண்மை கேட்டு எழுதிய அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். டிரைவர் ஹாரன் அடிக்கிறார் என்று எழுதினேனே, அதுவும் பொய். அவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். நான்தான் கவரை ஒட்டி அவர் கையில் திணித்தேன்.

உன் முட்டியை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நீ ஏறும் ஒவ்வொரு படிக்கும் நான்தான் காரணம். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாப்பிள்ளை

மார்ச் 24

மச்சான்,

வண்டி இரண்டு தடவை வந்துபோய்விட்டது. டிரைவர் என்னைப் பார்த்ததும் வெறும் கையை விரித்துக் காட்டுகிறார். ஆனாலும் இந்தக் கடிதத்தை நீ படித்தே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நீ முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

அக்கா போன் செய்தார். கூண்டுமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது முட்டி பூட்டிக்கொண்டதாமே? எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாயாம். கூட வந்தவர்கள் கூண்டை மெதுவாக இறக்கி, கதவைத் திறந்து, உன்னைத் தூக்கி வெளியே எடுத்தார்களாம். ஸ்பீக்கரில்தான் கேட்டோம். "இனிமே ஸ்டோர்தாங்கறாங்க" என்றார் அக்கா.

போனை வைத்ததும் உன் தங்கை, "எங்கண்ணனுக்கு மட்டும் ஏன் அந்த வேலை கிடைக்கல? நீங்க கேட்ட மாதிரி அது கேக்கலையா?" என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை எங்க போறீங்க?" என்றாள். மோட்டார் கடை என்றேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கேக்க முடியலன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன, உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்?" என்றாள். அப்புறம், "எங்கண்ணன்கிட்டயுமா இதே பொய்?" என்றாள். கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் செருமலைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை ஒத்திகை பார்க்கவில்லை. "சார், எங்க மச்சான் உங்ககிட்டச் சொன்ன பொய் என்னோட பொய். நான்தான் அவருக்கு எழுதினேன். அவரு நம்பிச் சொல்லிட்டாரு" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான்" என்றார். "அவர்கிட்டக் கேட்டேன். 'மாப்பிள்ளை இப்படிச் சொன்னார்னு சொல்லுங்க. சம்பளத்தை வெளிய பேசினதுக்கு அவரை நான் பாத்துக்கறேன். உங்க விஷயத்தை நாம மேல பேசுவோம்'னேன். மனுஷன் அசையல. 'அவரு எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல சார், நானா அடிச்சுவிட்டேன்'னு ஒரே பிடியா நின்னாரு. பொய் சொல்றேன்னு அவரே சொன்னப்புறம் நான் எப்படி அவரை வாத்தியாராப் போடறது?"

மச்சான், என் சம்பளத்தைத் திரையில் பார்த்த பிறகுதானே அப்படிச் சொன்னாய்? நான் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று தெரிந்த அந்த நிமிஷத்திலா என்னைக் காப்பாற்றத் தோன்றியது? இதைத்தான் எனக்குத் தேவையில்லாத விஷயம் என்று எழுதினாயா? அவருக்கு முன்னாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். "என் இடத்தை அவருக்குக் குடுங்க சார். நான் திரும்பக் கூண்டுக்கே போறேன். உயரமான கட்டடங்களுக்கு ஆள் பத்தலைன்னு நீங்களே சொல்றீங்க" என்றேன். யோசித்துவிட்டு, உனக்கும் இதே சம்பளத்தைப் போடுவதாகச் சொன்னார். முடியாது என்றேன். நான்தான் சொன்னேன், நம்பு. "இரவுப்படியச் சேத்தா அவரு இப்ப வாங்கறதே இதுக்கு மேல. அதுக்குக் கீழ குடுத்தா அது பதவி இல்ல சார், தண்டனை. இங்க இருக்கற மெக்கானிக்குல பாதிப் பேரு அவரு கைல பழகினவங்க. கால் பங்கு கூடப் போடுங்க" என்றேன். செருமினார். நான் நிறுத்தவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன்.

"இந்த வாயை அன்னைக்கு எங்க வெச்சிருந்தீங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை மச்சான். உனக்கென்று கேட்கும்போது நாக்கு ஒட்டவே இல்லை.

ஒத்துக்கொண்டார். சம்பளத்தை வெளியே பேசியதற்கு எனக்கு மெமோ. அது நியாயம்தான். உனக்கு இங்கே பயிற்சியாளர் வேலைக்கான ஆர்டர் உன் கிளைக்கு வரும். வீடு பார்க்கும்வரை எல்லோரும் எங்களோடு இருக்கலாம்.

உன் தங்கையிடம் சொன்னேன். ராத்திரி போன் அடித்தால் அவள் படும் பாடு உனக்குத் தெரியும். நான் திரும்பி வரும்வரை கூடத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கூண்டுக்கு முழுக்குப் போட்டாயிற்று என்று அவள்தான் என்னைவிடச் சந்தோஷப்பட்டவள். "ஏறுங்க" என்றாள்.

மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கையெழுத்து மட்டும் போடு.

மாப்பிள்ளை

ஏப்ரல் 7

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் எல்லாமே வந்தது. எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில், செருமல் சொன்னதைக் கேட்டு என்னைப் பெரிய தியாகியாக்கி மாலை போட்டுவிடாதே. உன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் உன் வேலை போனாலும் போயிருக்கும், கஷ்டப்படப்போவது என் தங்கை. அவளுக்காகச் சொன்னேன். உனக்காக இல்லை. உன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

இரண்டாவது விஷயம்தான் எழுத வரவில்லை. மாப்பிள்ளை, நீ எழுதியது பொய் என்று எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். நீ ஜன்னலை வேடிக்கை பார்த்தாய் என்று படித்ததுமே சத்தமாகச் சிரித்தேன். உன் அக்கா என்ன என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். உன்னை எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஏன் உண்மையா என்று கேட்டேன்? நீ ஆமாம் என்று எழுதித் தர வேண்டும் என்பதற்காகத்தான். எனக்கென்று வாயைத் திறந்து கேட்க எனக்கு மட்டும் வருமா? நாம் இரண்டு பேரும் அந்த விஷயத்தில் ஒரே அச்சு. "எனக்கு இவ்வளவு வேணும்" என்று சொல்ல வராது. "எங்க மாப்பிள்ளை வாங்கறாரு" என்று சொல்ல வரும். நீ 'ஏறக்குறைய' என்று எழுதினாய், குறைத்துக் கேள் என்றாய், உன் பெயரை இழுக்காதே என்று கெஞ்சினாய். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். புரியாத மாதிரி இருந்துகொண்டேன். உன் பொய்யைத் தெரிந்தே கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தேன். மாட்டிக்கொண்டதும், ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி உனக்கு 'நீங்கள்' போட்டுக் கடிதம் எழுதினேன். நீ அதைப் படித்துச் சாப்பிடாமல் கிடந்தாய். ஒரு வரி எழுதி உன்னை அதிலிருந்து எடுத்துவிட்டிருக்கலாம். எடுக்கவில்லை. நீ கொஞ்சம் வேகட்டும் என்று இருந்தேன். அப்படி வெந்ததில்தான் நீ போய் உன் இடத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

ஆர்டர் போன வாரம் வந்தது. தங்கை போன் செய்தாள். "வாண்ணா, ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சாச்சு" என்றாள். அவரு ஏறிக்குவாரு, அவருக்கு ஒண்ணும் இல்லை என்றாள். குரல் சரியாக இல்லை. மறைக்க அவளுக்கு எப்போதுமே தெரியாது. உன் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு என்று அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இன்று காலையில் ஆபீசுக்குப் போனேன். மாப்பிள்ளையின் இடம் எனக்கு வேண்டாம், ஸ்டோரே போதும் என்று சொல்வதற்காகத்தான் போனேன். என்ன சொல்வது என்று வார்த்தைக்கு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். லிஃப்ட் கம்பெனியின் கிளை ஆபீசுக்கு லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். படியில் பாதிக்கு மேல் போகமுடியாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். கீழேயிருந்து வந்தவர்கள் என்னைத் தாண்டி ஏறிப்போனார்கள். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேப்பரை நீட்டினார்கள். பயிற்சியாளர் என்று போட்டு அதற்குக் கீழே நீ கேட்டு வாங்கிய தொகை இருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் முட்டி வலி நின்றது. "சம்மதம்தானே?" என்றார்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் மாப்பிள்ளை போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மச்சான்